தருமன் போட்ட பொருத்தம்

உலகத்தில் எத்தனை விமானம் உண்டோ, அதில் ஒன்றைத் தவிர மற்ற எல்லாமே தருமனுக்கு இளப்பம்தான். அந்த ஒன்றிலும் அவன் ஏறியது கிடையாது. எதிலுமே ஏறியது கிடையாது. ஜரிகை விஷயமாகச் சென்னைக்குப் போகும்போது மீனம்பாக்கத்தில் பஸ்ஸுக்கு மேலே தாழப் போகும் வெள்ளை வயிறுகளைப் பார்த்திருக்கிறான். "இதுவும் டவுன் பஸ்தான், டிக்கெட் கொஞ்சம் ஜாஸ்தி" என்று பக்கத்து சீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டவன் அவன்.

ஆரணியில் பட்டுப்புடவைக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போட்டுத் தருவது அவன் பிழைப்பு. கரையில் நடக்கும் அன்னத்தையும் முந்தியில் காய்க்கும் மாங்காயையும் திரையில் கட்டம் கட்டமாக நிரப்பி, தறிக்குப் புரிகிற மாதிரி மாற்றிக் கொடுப்பான். வீட்டு முன்கூடத்தில் மனைவி ரேணுகாதேவியின் தறி ஓடும். பின்னறையில் தருமனின் விமானம் ஓடும். மூன்று திரை, ஒரு கைப்பிடி, காலுக்கு இரண்டு மிதி. நிஜ விமானிகள் பழகும் சிமுலேட்டருக்கு வீட்டளவில் ஒரு தம்பி.

பறப்பதில்கூட அவனுக்கு அவ்வளவு மோகம் இல்லை. மோகமெல்லாம் பொருத்தம் பார்ப்பதில். இப்போது வருகிற ஜிபிஎஸ் பெட்டிகள் வேறு மாதிரி. கையகலத் தொடுதிரையில் ஊர், மலை, ஓடுபாதை எல்லாம் வரைபடமாக வரும். விரலால் தொட்டால் பாதை போட்டுக் கொடுக்கும். இறங்கும்போது எந்தப் புள்ளியை எந்த உயரத்தில் தாண்டவேண்டும் என்றுகூடச் சொல்லும். சிமுலேட்டரில் அந்தப் பெட்டியைத் தனியாக வாங்கி எந்த விமானத்திலும் மாட்டிக்கொள்ளலாம். மாட்டிக்கொள்ளலாம் என்பதற்காகக் கண்டதில் மாட்டுகிறவர்களைக் கண்டால்தான் தருமனுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வேலூர், செய்யாறு, வந்தவாசி, ஆரணி என்று இருபத்தேழு பேர் சேர்ந்த 'வடாற்காடு வானோடிகள்' வாட்ஸ்அப் குழுவில் அவன் ஒரு பட்டியல் வைத்திருந்தான். எந்த விமானத்துக்கு எந்த ஜிபிஎஸ் என்கிற பட்டியல். மூன்று பத்தி. முதலாவது, பொருந்தும். இரண்டாவது, பொருந்தாது. மூன்றாவது பத்திக்கு அவன் வைத்த தலைப்பு, 'பேசாதே'. வந்தவாசியில் டிராக்டர் உதிரிபாகக் கடை வைத்திருக்கும் பழனி, நானூறு பேர் போகிற ஜம்போவில் இந்தத் தொடுதிரையை ஒட்டவைத்துப் படம் போட்டானே, அன்றைக்குப் பிறந்தது அந்தப் பத்தி.

"பழனி, ஜம்போவுக்கு சொந்தமா ஒரு மூள கீது. அது மேல இத்த வெக்கிறது, தலப்பா கட்டினவனுக்குத் தொப்பி போட்ற மாதிரி" என்று குரல் செய்தி அனுப்பினான் தருமன்.

"கலரா இருந்துச்சுண்ணா, அதான்" என்றான் பழனி.

தருமன் பதில் போடவில்லை. அவனுடைய மௌனத்துக்கு அந்தக் குழுவில் பட்டியலைவிட மரியாதை. அவன் பேசாமல் இருந்தால் எதிராளி முட்டாள் என்று அர்த்தம்.

பட்டியலின் முதல் வரிதான் அவனுடைய ஒரே காதல். இரட்டை எஞ்சின் கிங் ஏர், அதில் இருப்பதிலேயே பெரிய தொடுதிரை. அதன் தானியங்கி ஓட்டி ஜிபிஎஸ் சொன்ன பேச்சு கேட்கும். திருப்பம் வருவதற்கு முன்பே புரிந்துகொண்டு சாயும். பெட்டிக்கு இடம் வேண்டுமே என்று, தரையிலிருக்கும் ரேடியோ நிலையத்தைப் பார்த்துத் திசை காட்டுகிற பழைய முள்களைப் பலகையிலிருந்து பிடுங்கி எறிந்திருந்தான். "புதுப் பட்டுல பழந்துணி ஒட்டு எதுக்கு?" என்று அதற்கு ஒரு விளக்கமும் எழுதிவைத்தான். இருபது பேர் கைதட்டினார்கள்.

தை முகூர்த்தக் கூட்டம் அலைமோதிய ஒரு மத்தியானம், தனக்கோடி பட்டு மாளிகையின் பேரன் அஜித் அவனைக் கடையின் மூன்றாம் மாடிக்கு அழைத்துப்போனான். அங்கே பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் ஒரு விமானத்தின் மூக்கு உட்கார்ந்திருந்தது. நிஜ அளவு. இரண்டு தோல் நாற்காலி, இரும்புக் கைப்பிடிகள், சுவரை வளைத்துக்கொண்டு போன திரை. கீழே பெண்கள் புடவை எடுத்து முடிப்பதற்குள் ஆண்களும் பிள்ளைகளும் கொட்டாவி விட்டு மானத்தை வாங்குகிறார்களாம். அந்தக் கொட்டாவியை அடைக்கப் பெங்களூரிலிருந்து வரவழைத்திருந்தான்.

தருமன் இடது பக்க நாற்காலியைப் பார்த்தான். அது தலைமை விமானியின் இடம். முப்பத்தொன்பது வயதில் ஒரு மனிதனுக்கு ஒரு நாற்காலியைப் பார்த்துச் செருப்பைக் கழற்றத் தோன்றும் என்று யாராவது சொல்லியிருந்தால் அவனே முதலில் சிரித்திருப்பான்.

"இத்த பாத்துக்க ஒரு ஆளு வேணும்ணா" என்றான் அஜித். "சாவி அவருகிட்டதான் இருக்கும். காலையில தொறந்து சாயந்திரம் பூட்டணும். கூட்டம் இல்லாதப்ப அவரே ஓட்டிகினு இருக்கலாம். எனக்கு ஒண்ணே ஒண்ணு. பிளேனு பெருசா இருக்கணும், ஜிபிஎஸ் லேட்டஸ்ட்டா இருக்கணும். ரெண்டும் சேந்து கிராண்டா."

"கிராண்டுன்னா?"

"முகூர்த்தப் புடவ மாதிரிணா. உடம்பெல்லாம் ஜரிகை."

உடம்பெல்லாம் ஜரிகை போட்டால் அதற்குப் பெயர் புடவை இல்லை, கவசம். தருமன் அதைச் சொல்லவில்லை. சாவி அஜித்தின் சுண்டுவிரலில் ஆடிக்கொண்டிருந்தது.

"நான் பாத்துக்கிறேன் தம்பி."

"நீங்கதான்னு நெனச்சிகினு இருந்தேன். அப்பால உங்க குரூப்புல கீற பழனி சொன்னாரு, வெம்பாக்கத்துல சசிகலான்னு ஒரு டீச்சர் கீறாங்களாமே. ரெண்டு பேரும் வாங்க. ஆளுக்கு ஒரு ஜோடி. ஒரு பிளேனு, அதுக்கேத்த ஜிபிஎஸ். எட்டாம் தேதி ஞாயித்துக்கிழம ஓட்டிக் காட்டுங்க. எது நல்லாருக்கோ அவங்களுக்கு சாவி."

ஒரு ஜவுளிக் கடைக்காரன் தனக்குப் பரீட்சை வைப்பதா என்று தருமனுக்குச் சுருக்கென்றது. அதைவிடச் சுருக்கென்றது, கூட எழுதுகிற ஆளின் பெயர்.

சசிகலா வெம்பாக்கம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்துகிறவள். குழுவில் சேர்ந்து எட்டு மாதம் இருக்கும். நாலு பேர் உட்காருகிற செஸ்னா 172-இல் சின்னத் தொடுதிரை ஒன்றை மாட்டி, பழைய திசைமுள்ளையும் பக்கத்திலேயே விட்டுவைத்துப் படம் போட்டிருந்தாள். தருமன் அதை இரண்டாம் பத்தியில் தள்ளி, 'மாட்டு வண்டிக்குப் பட்டுக் குஞ்சம்' என்று குறிப்பும் எழுதினான். கோபித்துக்கொண்டு வெளியேறுவாள் என்று எதிர்பார்த்தான். "மாட்டு வண்டி ஊர் போய்ச் சேரும் சார்" என்று ஒரே ஒரு வரி எழுதிவிட்டு, மறுநாள் வழக்கம்போல வேறொரு சந்தேகம் கேட்டாள். சந்தேகம் கேட்கிறவர்களைத் தருமனுக்குப் பிடிக்கும். ஆனால் இவள் கேட்டால் மட்டும், வகுப்பில் பதில் தெரிந்த வாத்தியார் கேட்கிற மாதிரி இருக்கும்.

ஆரணியில் அமாவாசையன்று தறி ஓடாது. அன்று ரேணுகாதேவி தறியைத் துடைத்துப் பொட்டு வைத்துக் கற்பூரம் காட்டுவாள். அதே தட்டு பின்னறைக்கும் வரும். தருமன் திரைகளைத் துடைத்து, விமானத்தின் கைப்பிடிக்கு ஒரு சந்தனப் பொட்டு வைத்து, ஜிபிஎஸ்ஸுக்குப் புதுத் தரவு ஏற்றுவான். வானத்திலும் பாதை மாறும். புள்ளிகள் வரும், போகும். இறங்குகிற வழியைத் திருத்துவார்கள். அந்தத் திருத்தமெல்லாம் சேர்ந்து மாதத்துக்கு ஒரு தொகுப்பாக வரும். அதற்கு சைக்கிள் என்று பெயர்.

ஒன்றேகால் வருடத்துக்கு முன்னால் அவன் சந்தா கட்டிய மாதம், அமாவாசைக்கு முந்தின நாள் புது சைக்கிள் வந்தது. அடுத்த மாதம் அமாவாசைக்கு இரண்டு நாள் முன்னால் வந்தது. தருமனுக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"வெள்ளக்காரனும் அமாவாச பாத்துதான் வுட்றான், பாத்தியா?" என்றான் மனைவியிடம்.

"அவனுக்கு எங்க தறி?" என்றாள் ரேணுகாதேவி.

அவளுக்கு என்ன தெரியும் என்று விட்டுவிட்டான். குழுவுக்கும் சொல்லிக்கொடுத்தான்: அமாவாசைக்கு அமாவாசை ஏற்றுங்கள், மறக்காது. போகப்போக இடைவெளி ஐந்து நாளானது, பத்து நாளானது. அங்கே பொழுது விடிகிற நேரம் வேறு என்று அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தான். ஒரு கரைக்கு எத்தனை இழை என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுகிறவன், ஒரு சைக்கிளுக்கு எத்தனை நாள் என்று ஒருமுறை விரல் விட்டுப் பார்க்கவில்லை. எண்ணிப் பார்ப்பது சந்தேகப்படுகிறவர்களின் வேலை. அவன்தான் தெரிந்தவன் ஆயிற்றே.

இந்த வருடமும் தை அமாவாசைக்குத் தவறாமல் ஏற்றினான். நாலாம் நாள் வியாழக்கிழமை சசிகலா குழுவில் எழுதினாள்: "இன்று புது சைக்கிள் வந்துவிட்டது. எல்லாரும் ஏற்றிக்கொள்ளுங்கள்."

"நாங்கள் அமாவாசைக்கே ஏற்றியாச்சு டீச்சர். வெம்பாக்கத்துக்கு லேட்டாக வருகிறது போலிருக்கு" என்று தருமன் பதில் எழுதினான். பத்தொன்பது பேர் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். சசிகலா பெயருக்குக் கீழே, எழுதிக்கொண்டிருக்கிறாள் என்று வெகுநேரம் காட்டியது. பிறகு ஒன்றும் வரவில்லை. வாயடைத்துப் போனாள் என்று தருமன் எடுத்துக்கொண்டான். தன் மௌனத்துக்கு மட்டும்தான் அர்த்தம் உண்டு என்று நினைக்கிறவனுக்கு அடுத்தவர் மௌனம் எப்போதும் தோல்வியாகத்தான் தெரியும்.

போன மாதங்களைப் போலவே அன்றிலிருந்தும் அவன் ஜிபிஎஸ் கண் விழிக்கும்போதெல்லாம் மஞ்சள் நிறத்தில் ஒரு வரி காட்டியது. அதற்குக் கீழே 'தொடர்க' என்று ஒரு பொத்தான். கடை வாசலில் கும்பிடு போடுகிற பொம்மையைத் தாண்டிப் போவதுபோல, வரியைப் படிக்காமல் பொத்தானைத் தட்டிவிட்டுப் போய்க்கொண்டிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை மூன்றாம் மாடியில் நாலு பேர் இருந்தார்கள். வேடிக்கை பார்க்க வந்தவாசியிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தான் பழனி. போட்டிக்கு விதி போட்டதும் தருமன்தான். திருவண்ணாமலைக்கு மேலே ஆரம்பித்துச் சேலத்தில் இறங்கவேண்டும். மேகம் தரையைத் தொடுகிற அளவு தாழ இருக்கவேண்டும். "வெயில்ல எவன் வேணா ஓட்டுவான்" என்றான். ஒருவர் ஓட்டும்போது இன்னொருவர் சேலம் விமான நிலையத்துக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருப்பவராக, கையில் வரைபடத்தோடு ஹெட்போனில் வழி சொல்லவேண்டும். இதுவும் அவன் போட்ட விதிதான்.

முதலில் சசிகலா. கொண்டுவந்த பென் டிரைவிலிருந்து தன் செஸ்னாவைக் கடைக் கம்ப்யூட்டரில் ஏற்றினாள். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு இடது நாற்காலியில் உட்கார்ந்தாள். அதுவே தருமனுக்கு வயிற்றெரிச்சல். செஸ்னா கிளம்பி மேகத்துக்குள் நுழைந்தது. அதற்கப்புறம் முப்பத்தைந்து நிமிடம் திரையில் வெள்ளையைத் தவிர ஒன்றும் இல்லை. அவள் அவ்வப்போது தொடுதிரையைப் பார்த்தாள், பக்கத்தில் இருந்த முள்ளைப் பார்த்தாள், இரண்டும் ஒத்துப்போகிறதா என்று மறுபடி பார்த்தாள்.

"டீச்சர், ரெண்டு கடிகாரம் கட்டினவனுக்கு மணி தெரியாதுன்னு சொல்லுவாங்க" என்றான் தருமன் கோபுரத்திலிருந்து.

"ஒண்ணு நின்னுட்டா தெரியும் சார்" என்றாள் அவள், திரும்பாமல்.

கோபுரத்து வேலையில் தருமனுக்கு அக்கறை இல்லை. இறங்குகிற வழிக்கு நுழைவுப் புள்ளி எது என்று அவள் கேட்டதற்கு, "வரபடத்துல என்னா இருக்கோ அதுதான்" என்றான். மேசைமேல் அவள் அச்செடுத்து வைத்திருந்த வரைபடத்தை அவன் பிரித்தே பார்க்கவில்லை. அஜித் கொட்டாவி விட்டான். அந்த மூக்கை வாங்கிய காரணமே தோற்றுக்கொண்டிருந்தது. கடைசியில் மேகம் கிழிந்து, ஓடுபாதை நேர் எதிரே வந்து நின்றது. செஸ்னா ஒரு துள்ளுத் துள்ளி இறங்கியது.

"குதிக்குதே" என்றான் தருமன். இவ்வளவு நேரமும் அந்த ஒரு துள்ளலுக்காகக் காத்திருந்தவன்போல.

அவன் முறை வந்தது. வீட்டிலிருந்து பென் டிரைவில் கொண்டுவந்த கிங் ஏரையும் அதன் ஜிபிஎஸ்ஸையும் அப்படியே ஏற்றினான். தோல் நாற்காலி அவன் முதுகை வாங்கிக்கொண்டது. கிங் ஏரின் முகப்பு திரையில் விரிந்தபோது அஜித் முதல்முறையாக வாயைத் திறந்தான். "ணா! இன்னா சீட்டு, இன்னா லைட்டு! கல்யாண மண்டபம் மாதிரி கீதுணா!" தொடுதிரை கண் விழித்தது. மஞ்சள் வரி. தொடர்க.

விமானம் தருமன் சொன்ன பேச்சைக் கேட்டது. வழுக்கிக்கொண்டு போனது. திருப்பத்துக்கு முன்பே சாய்ந்தது. பழனி "பட்டு மாதிரி போதுண்ணா" என்றான். தருமன் அவனுக்குப் பதில் சொல்லாமல் அஜித்துக்கு விளக்கினான். "பாரு தம்பி, பெட்டி சொல்லுது, பிளேன் கேக்குது. நடுவுல மனுசன் தேவையில்ல. இதுக்குப் பேருதான் பொருத்தம். பக்கத்துல ஒரு முள்ள வெச்சிகினு திரும்பித் திரும்பிப் பாத்தா அதுக்குப் பேரு பயம்." விமானம் வடக்கே தருமபுரியைப் பக்கவாட்டில் விட்டுவிட்டு நிமிடத்துக்கு ஏழு கிலோமீட்டர் வேகத்தில் சேலத்தை நெருங்கிக்கொண்டிருந்தது.

ஹெட்போனில் சசிகலாவின் குரல் வந்தது. "சேலம் டவர். வடக்குப் பக்கம் இருந்து வர்றவங்களுக்கு நுழைவுப் புள்ளி எகுமோ. அங்க இருந்து வரிசையா இறங்கலாம்."

தருமன் விரலால் தட்டினான். பெட்டி அப்படி எதுவும் இல்லை என்றது. மறுபடி தட்டினான். எழுத்து எழுத்தாகக் கேட்டு வாங்கித் தட்டினான். இல்லை.

"போகாத ஊருக்கு வழி சொல்றீங்க டீச்சர். அப்டி ஒரு புள்ளியே கெடையாது."

"கீது சார். பதினேழு நாளா கீது."

"எங்கிட்ட இல்லாதது உங்ககிட்ட எப்டி வரும்?"

"பெட்டில தேதி போட்டிருக்கும். பாருங்க."

எரிச்சலோடு அந்தப் பக்கத்தைத் திறந்தான். இரண்டு தேதி இருந்தது. டிசம்பர் இருபத்தைந்து முதல், ஜனவரி இருபத்திரண்டு வரை. அதற்கு மேலே அதே மஞ்சள் வரி. இந்தத் தடவை அதைப் படித்தான். தரவு காலாவதியாகிவிட்டது.

ஜனவரி இருபத்திரண்டு. வியாழக்கிழமை. தை அமாவாசைக்கு நாலாம் நாள். வெம்பாக்கத்துக்கு லேட்டாக வருகிறது போலிருக்கு. பத்தொன்பது பொம்மைகள்.

இரண்டு தேதிக்கும் நடுவே இருந்த நாட்களை அவன் மனசு தானாகவே எண்ணியது, இழை எண்ணிப் பழகிய மனசு. இருபத்தெட்டு. எப்போதும் இருபத்தெட்டு. அமாவாசைக்கோ இருபத்தொன்பதரை. மாதா மாதம் ஒன்றரை நாள் பின்னுக்குப் போய்ப் போய், தை அமாவாசைக்கு அவன் ஏற்றியது நாலே நாளில் சாகப்போகிற சைக்கிளை. பொட்டு வைத்து, கற்பூரம் காட்டி.

"சார், மலைப்பக்கம் போறீங்க" என்றது ஹெட்போன்.

பழைய இறங்குவழியைத் தேடி எடுத்தான். "அந்த வழி மூடியாச்சு சார். டவர் அனுமதி இல்ல" என்றாள். குரலில் கிண்டல் இல்லை. கிண்டல் இருந்தால் பரவாயில்லை என்று இருந்தது அவனுக்கு. சரி, முள்ளைப் பார்த்துப் போவோம் என்று கண் தானாகப் பலகையின் வலது ஓரத்துக்குப் போனது. அங்கே முள் இல்லை. முள் இருந்த ஓட்டையை மூடி, தோல் நிறத்தில் ஒரு தகடு. அவனே தேர்ந்தெடுத்த நிறம்.

தானியங்கி ஓட்டிக்கு இந்தக் கவலை எதுவும் இல்லை. கடைசியாகச் சொன்ன பேச்சைக் கேட்டபடி நேரே போய்க்கொண்டிருந்தது. தருமன் அதைத் துண்டித்துக் கைப்பிடியை இழுத்தபோது வெள்ளைத் திரையில் ஒரே ஒரு மரம் தெரிந்தது. ரொம்ப அருகில், இலை இலையாக. பிறகு கறுப்பு. 'மலையில் மோதியது. மீண்டும் தொடங்கவா?'

கீழே இரண்டாம் மாடியில் யாரோ மாம்பழக் கலரில் வேறு இருக்கிறதா என்று கேட்பது காதில் விழுந்தது.

"ஏற்காடு வந்துட்டமாண்ணா?" என்றான் பழனி. அவன் கேலி செய்யவில்லை. அவனுக்குக் கேலி செய்யவே வராது. அதுதான் கொடுமை.

அப்போது அஜித் கைதட்டினான். அவன் இவ்வளவு நேரமும் போனைத் தூக்கிப் பிடித்தபடி நாற்காலிகளுக்குப் பின்னால் அங்குமிங்கும் நடந்துகொண்டிருந்தான். "செம்மணா! அந்த லாஸ்ட் சீன், மரம் வந்துச்சே, புல்லரிச்சிடுச்சு. டீச்சர் தப்பா நெனச்சிக்காதீங்க, உங்களுது ஆம்னி வேன் மாதிரி கீது. அண்ணாவோடது லுக்கே வேற. ரிச்சா கீது."

"நான் சேலத்துக்குப் போகலயே தம்பி" என்றான் தருமன்.

"அது யாருக்குணா தெரியும்? வர்றவன் சேலத்துக்கா போப்போறான்? புடவ எடுக்க வந்தவன்." சாவியைத் தருமனின் உள்ளங்கையில் வைத்து மூடினான். "நாளைல இருந்து வந்துடுங்க. ஜல்தியா பத்து மணிக்குள்ள."

ஒரு நிமிடம் இருந்தது, தருமன் சாவியைத் திருப்பிக் கொடுக்கிறதற்கு. நீளமான நிமிடம். அவன் கொடுக்கவில்லை. இருபத்தேழு பேரில் யார் மெச்சினாலும் அவனுக்கு ஒரு பொருட்டில்லை. முட்டாள்கள் மெச்சினால் அதில் என்ன இருக்கிறது? மெச்சினால் பொருட்படுத்தத்தக்க ஒரே ஆள், குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"வாழ்த்துகள் சார்" என்றாள் நிமிர்ந்து. "மாசி அமாவாசைக்கு இன்னும் ஒம்போது நாள் கீது. அதுவரைக்கும் யாரையும் சேலத்துக்குக் கூட்டிகினு போயிடாதீங்க."

படியிறங்கிப் போனாள். பழனி மட்டும் சிரித்தான், எதற்கென்று தெரியாமல்.

மறுநாள் திங்கட்கிழமை. முன்கூடத்தில் தறி ஓடிக்கொண்டிருந்தது. தருமன் பின்னறையில் உட்கார்ந்து, பொட்டும் கற்பூரமும் இல்லாமல், புதுச் சைக்கிளைப் பென் டிரைவில் இறக்கினான். தறி நின்றது. ரேணுகாதேவி கதவருகில் வந்து எட்டிப் பார்த்தாள்.

"இன்னாங்க, இன்னிக்கு அமாவாசயா?"

"இல்ல."

"அப்ப?"

தருமன் திரையைப் பார்த்தபடி இருந்தான். அவனுடைய மௌனங்களை எல்லாம் அவள் பதினைந்து வருடமாகப் பார்த்தவள். இது புதுசு என்று அவளுக்குத் தெரிந்திருக்கவேண்டும். "நான் அப்பவே கேட்டேன், அவனுக்கு எங்க தறின்னு" என்று சொல்லிவிட்டுப் போனாள். தறி மறுபடி ஓட ஆரம்பித்தது.

பத்து மணிக்குக் கடை மூன்றாம் மாடியைத் திறந்து, புதுத் தரவை ஏற்றினான். முகூர்த்தக் கூட்டம் மேலே வர நேரமாகும். இடது நாற்காலி அவனுக்குத்தான், அவனுக்கு மட்டும்தான். உட்கார்ந்தான். கடைக் கம்ப்யூட்டரில் சசிகலா ஏற்றிய செஸ்னா அப்படியே கிடந்தது. யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு அதைத் திறந்தான். மஞ்சள் வரி வரவில்லை. திருவண்ணாமலை, மேகம், முப்பத்தைந்து நிமிட வெள்ளை. தொடுதிரையைப் பார்த்தான், முள்ளைப் பார்த்தான், இரண்டும் ஒத்துப்போகிறதா என்று மறுபடி பார்த்தான். எகுமோ பெட்டியில் இருந்தது. ஒரு பாவமும் அறியாததுபோல மற்ற புள்ளிகளோடு புள்ளியாக இருந்தது. ஓடுபாதை நேர் எதிரே வந்தது. இறங்கும்போது செஸ்னா துள்ளியது. அவளுடையதைவிட இரண்டு துள்ளல் அதிகம்.

பிறகு போனை எடுத்துப் பட்டியலைத் திறந்தான். முதல் வரியை, முள் பிடுங்கிய கிங் ஏரை, முதல் பத்தியிலிருந்து எடுத்தான். இரண்டாம் பத்தியில் வைத்துப் பார்த்தான். அங்கிருந்தும் எடுத்து, மூன்றாம் பத்தியில், பழனியின் ஜம்போவுக்குக் கீழே வைத்தான். குழுவில் எழுதினான். எழுதி அழித்து எழுதி, கடைசியில் இவ்வளவுதான் மிஞ்சியது: "சைக்கிள் இருபத்தெட்டு நாளுக்கு ஒருமுறை, வியாழக்கிழமை வரும். அமாவாசைக்கு இல்லை. நான் சொன்னது தப்பு. நேற்று சேலத்துக்குப் போய்ச் சேர்ந்தது டீச்சர் மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் இடது நாற்காலி காலியாக இருக்கும்."

வாரத்துக்கு ஒரு நாள். அதற்கு மேல் கொடுக்க அவனுக்கு மனசு வரவில்லை.

அனுப்பினான். டிக்குகள் நீலமாயின. ஒருவரும் பொம்மை போடவில்லை. பழனிதான் முதலில் எழுதினான்.

"அப்ப பவுர்ணமிக்காண்ணா?"

படியில் பிள்ளைகள் ஏறி வருகிற சத்தம் கேட்டது. திரையில் சசிகலாவின் பெயருக்குக் கீழே, எழுதிக்கொண்டிருக்கிறாள் என்று காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது. அவன் போனை மடியில் வைத்துக்கொண்டு, கைப்பிடியைத் தொடாமல், அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.